9 சீட்டு வைத்திருப்பவர் எப்படி மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) ஆனார்?

2022 நவம்பர் 19-ஆம் தேதி மலேசியப் பொதுத்தேர்தலோடு சேர்த்துப் பேரா மாநிலச் சட்டமன்றத் தேர்தலும் நடந்தது. மொத்தம் 59 சீட்டு. பெரிக்காத்தான் நேஷனலுக்கு 26, பக்காத்தான் ஹராப்பானுக்கு 24, தேசிய முன்னணிக்கு 9. இரண்டு நாள் கழித்து மந்திரி பெசாராகப் பதவியேற்றவர் தேசிய முன்னணியின் சாராணி முகமட். மூன்றாவதாக வந்த அணிக்காரர்!

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். "26 எடுத்தவன் வெளிய நிக்கிறான், 9 எடுத்தவன் நாற்காலியில உக்காந்துட்டான். இது என்ன கணக்கு தம்பி?" என்று கேட்டார் ஒரு பெரியவர். முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். எத்தனை கிலோ பால், எத்தனை காசு என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி எழுதும் கணக்கையே நம்பாமல் தானும் ஒரு நோட்டில் குறித்து வைத்தவர். அவருக்கு இந்தக் கணக்கு இடித்ததில் வியப்பில்லை. பத்திரிகைகளோ "கூட்டணி அரசு", "ஒற்றுமை அரசாங்கம்", "சிறுபான்மை அரசு" என்று எழுதினவே தவிர, அடிப்படையை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். அன்று நம் கையில் இரண்டு வாக்குச்சீட்டுகள் கொடுத்தார்கள். ஒன்று நாடாளுமன்றத்துக்கு, ஒன்று சட்டமன்றத்துக்கு. இரண்டிலும் "யார் பிரதமர்?", "யார் மந்திரி பெசார்?" என்ற கேள்வியே கிடையாது. நம் தொகுதிக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து உள்ளே அனுப்புவதோடு நம் வேலை முடிந்தது. உள்ளே போனவர்கள் எவரைத் தலைவராக ஏற்கிறார்களோ அவர்தான் ஆட்சி நடத்துவார். அமெரிக்கா மாதிரி அதிபரை மக்கள் தனியாகத் தேர்ந்தெடுக்கும் முறை நம்முடையது அல்ல.

தோட்டத்து மாரியம்மன் கோயில் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்திலிருந்து 6 பேர், கீழ் லயத்திலிருந்து 6 பேர், டவுன் பக்கம் குடிபோனவர்களில் 3 பேர் என்று 15 பேர் செயற்குழுவுக்கு வருகிறார்கள். தலைவரைச் செயற்குழுதான் தேர்ந்தெடுக்கும். 8 பேர் கை தூக்க வேண்டும். மேல் லயமும் கீழ் லயமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அந்த 3 பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம்தான் திருவிழா நடத்தும். அந்த மூவர் கொஞ்சம் விவரமானவர்களாக இருந்தால், "எங்களில் ஒருவரைத் தலைவராக்குங்கள், வருகிறோம்" என்பார்கள்.

பேராவில் நடந்தது அதுதான். 59-ல் பாதிக்கு மேல் என்றால் 30. 26 பேர் இருந்தும் பெரிக்காத்தானோடு சேர ஆள் இல்லை. பக்காத்தானின் 24-ம் தேசிய முன்னணியின் 9-ம் சேர்ந்து 33. முதலில் வந்தவருக்குப் பரிசு கொடுக்கும் ஓட்டப்பந்தயம் இல்லை இது. பாதிக்கு மேல் ஆதரவு யாருக்கு என்பது மட்டும்தான் கேள்வி.

சட்டம் சொல்வதும் இவ்வளவுதான். நாடு முழுமைக்குமான கூட்டரசு அரசியலமைப்பின் 43-ஆவது பிரிவில், மக்களவை உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று நாட்டின் அரசரான மாமன்னர் கருதும் உறுப்பினரைப் பிரதமராக நியமிப்பார் என்று இருக்கிறது. "அதிக சீட்டு பெற்ற கட்சி" என்ற சொல்லே அங்கே கிடையாது. மக்களவையில் 222 இடங்கள் என்பதால் அங்கே மந்திர எண் 112. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: அந்த நம்பிக்கை போய்விட்டால், பிரதமர் மாமன்னரிடம் நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கேட்கலாம், மாமன்னர் ஒப்பவில்லை என்றால் அமைச்சரவையோடு பதவி விலக வேண்டும்.

<b>முன்னால் போட்ட கூட்டு, பின்னால் போட்ட கூட்டு</b>

கூட்டணி அரசு நமக்குப் புதிதில்லை. இந்த நாடு பிறந்ததே கூட்டணியில்தான். 1955 தேர்தலில் மலாய்க்காரர்களின் அம்னோ, சீனர்களின் ம.சீ.ச., இந்தியர்களின் ம.இ.கா. மூன்றும் சேர்ந்த கூட்டணி 52 இடங்களில் 51-ஐ வென்றது. பிறகு அதுவே விரிந்து 1970-களில் தேசிய முன்னணி ஆனது. சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியில் 1959-லிருந்து துன் வீ.தி.சம்பந்தன், 1974-லிருந்து 2008 வரை ச.சாமிவேலு. இருவருமே ம.இ.கா. தலைவர்கள். அரை நூற்றாண்டுக்கு இந்த ஊர் ஒரே கட்சியின் கணக்கில் இருந்தது.

இது தேர்தலுக்கு முன்பே போட்ட கூட்டு. எந்தத் தொகுதி யாருக்கு என்று மேசையில் உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள். வாக்காளர் தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்தைப் பார்த்துக் குத்துவார். தராசில் குத்தினால் யார் பிரதமராக வருவார் என்று குத்தும்போதே தெரியும். அந்த வகையில் அது நேர்மையான ஏற்பாடு. ஆனால் கூட்டணிக்குள் நடந்த பேரம் முழுக்கக் கதவுக்குப் பின்னால் நடந்தது. தோட்டத்து லயத்துக்கு வீடு, தமிழ்ப்பள்ளிக்கு நிலம் என்று ம.இ.கா. உள்ளே என்ன கேட்டது, என்ன கிடைத்தது, எதை விட்டுக்கொடுத்தது என்று வெளியே இருந்த நமக்குத் தெரிய வழியில்லை. மேடையில் சொன்னதைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

தேர்தலுக்குப் பின் போடும் கூட்டு வேறு ரகம். 2022-ல் கூட்டரசு அளவில் நடந்தது அது. பக்காத்தானுக்கு மூடா கட்சியின் ஓர் இடத்தையும் சேர்த்து 82, பெரிக்காத்தானுக்கு 70 சொச்சம், தேசிய முன்னணிக்கு 30, சரவாக்கின் ஜி.பி.எஸ். அணிக்கு 23, சபாவின் ஜி.ஆர்.எஸ்.-க்கு 6. யாருக்கும் 112 இல்லை. தொங்கு நாடாளுமன்றம் என்பார்கள். கூட்டரசு அளவில் இப்படி ஆனது அதுவே முதல் தடவை. ஐந்து நாள் இழுத்து, மாமன்னர் தலைவர்களை அரண்மனைக்கு அழைத்துப் பேசி, நவம்பர் 24-ஆம் தேதி அன்வார் இப்ராஹிம் பிரதமரானார்.

அதில் நம் ஊர்க் கூத்தைக் கவனியுங்கள். சுங்கை சிப்புட்டில் பக்காத்தானின் பி.கே.ஆர். கட்சி சார்பில் நின்ற கேசவன், ம.இ.கா. தலைவர் விக்னேஸ்வரனைத் தோற்கடித்தார். ஒரு மாதம் தோட்டம் தோட்டமாகப் போய் ஒருவர் கட்சியை ஒருவர் கிழித்தார்கள். தேர்தல் முடிந்த ஆறாவது நாள் இரண்டு கட்சியும் ஒரே அரசாங்கத்தில்! பக்காத்தான் சின்னத்துக்குக் குத்தியவரும் தராசுக்குக் குத்தியவரும் ஒரே முடிவைப் பெற்றார்கள். "ஏமாத்திட்டாங்க" என்று இரண்டு தரப்பும் சொன்னது. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். யாருக்கும் பாதி கொடுக்காமல் விட்டவர்கள் வாக்காளர்கள். கொடுக்காத பாதியைக் கட்சிகள் ஒன்றுக்கொன்று கொடுத்துத்தான் தீர வேண்டும். இல்லையென்றால் இன்னொரு தேர்தல், இன்னொரு செலவு.

கூட்டில் சேர்ந்தால் எல்லோருக்கும் பங்கு கிடைக்குமா? கிடைக்காது. கொண்டுவரும் சீட்டுக்கு ஏற்பத்தான் தட்டில் விழும். 23 கொண்டுவந்த ஜி.பி.எஸ்.-க்குத் துணைப்பிரதமர் பதவி ஒன்று. 30 கொண்டுவந்த தேசிய முன்னணிக்கு இன்னொன்று. தேசிய முன்னணிக்குள் ம.இ.கா. கொண்டுவந்தது தாப்பா ஒன்று மட்டும். 2022 டிசம்பர் அமைச்சரவையில் ம.இ.கா.வுக்கு இடமே இல்லை. அந்த ஒரு சீட்டு இல்லாமலும் 112 தாண்டிவிடும் என்றால் அதற்கு விலை கிடையாது. கூட்டணி அரசியலில் ஒரு கட்சியின் பலம் அதன் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. அது எழுந்து போனால் ஆட்சி விழுமா என்பதில் இருக்கிறது. பேராவில் 9 பேருக்கு மந்திரி பெசார் கிடைத்ததும், கூட்டரசு நிர்வாகம் நடக்கும் புத்ராஜெயாவில் ஒருவருக்கு ஒன்றும் கிடைக்காததும் ஒரே விதியின் இரண்டு பக்கம்.

பேராவில் இது முன்பும் நடந்திருக்கிறது. 2008-ல் ஜ.செ.க. 18, பி.கே.ஆர். 7, பாஸ் 6 என்று மூன்று கட்சிகளின் 31 பேர் சேர்ந்து ஆட்சி அமைத்தார்கள். மந்திரி பெசார் வந்தது 6 பேர் கட்சியான பாஸிலிருந்து: நிஜார் ஜமாலுடின். மந்திரி பெசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற மாநில அரசியலமைப்பு விதியும் அதற்குக் காரணம்.

<b>சிறுபான்மை அரசு</b>

கூட்டணி அரசில் எல்லோரும் அமைச்சரவையில் உட்காராவிட்டாலும் ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். சிறுபான்மை அரசு அப்படியல்ல. ஆளும் தரப்புக்குப் பாதி இல்லை. ஆனாலும் ஆட்சி நடக்கிறது. எப்படி? பாதிக்கு மேல் ஆள் நமக்கு ஆதரவாக இருக்க வேண்டும் என்பதைவிட, பாதிக்கு மேல் ஆள் நம்மைக் கவிழ்க்கச் சேரக்கூடாது என்பதுதான் நடைமுறை. எதிரில் இருக்கும் ஏதாவது ஒரு கட்சி "அமைச்சர் பதவி வேண்டாம், ஆனால் கவிழ்க்கவும் மாட்டோம்" என்று சொன்னால் போதும்.

தமிழ்நாட்டு அரசியலை ஆஸ்ட்ரோ டிவி புண்ணியத்தில் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கும் நமக்கு இது தெரிந்த கதைதான். 2006-ல் தி.மு.க.வுக்கு 234-ல் 96 இடங்கள். வேண்டியது 118. காங்கிரஸ் 34 பேரை வைத்துக்கொண்டு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்தது. கருணாநிதி முழு ஐந்து வருஷமும் ஆட்சி நடத்தினார். "மைனாரிட்டி தி.மு.க. அரசு" என்று ஜெயலலிதா அறிக்கைக்கு அறிக்கை சீண்டியது நினைவிருக்கும். சீண்டலாம், கவிழ்க்க முடியவில்லை. இதற்கு நேர் எதிர் உதாரணமும் அதே ஜெயலலிதாதான். 1999-ல் வாஜ்பாய் அரசுக்குக் கொடுத்த ஆதரவை அ.தி.மு.க. விலக்கிக்கொண்டது. ஏப்ரல் 17-ஆம் தேதி மக்களவையில் வாக்கெடுப்பு: 269-க்கு 270. ஒரே ஓட்டில் இந்தியாவின் அரசு விழுந்தது.

எந்த நாளில் ஓர் அரசு விழும்? சாதாரண மசோதா ஒன்று தோற்றால் அவமானம், அவ்வளவுதான். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் முடிந்தது. அதைவிடப் பெரிய பரீட்சை பட்ஜெட். பணத்தைச் செலவழிக்க மன்றம் அனுமதிக்காவிட்டால் ஆசிரியர் சம்பளத்திலிருந்து ஆஸ்பத்திரி மருந்து வரை நின்றுபோகும். ஆகவே பட்ஜெட்டில் தோற்ற அரசு நம்பிக்கையை இழந்த அரசு. 2020 டிசம்பரில் அப்போதைய பிரதமர் முஹிடின் யாசினின் பட்ஜெட் இறுதி வாக்கெடுப்பில் 111-க்கு 108 என்று தப்பியது. மூன்று ஓட்டு. அந்தச் சமயத்தில் ஓர் உறுப்பினருக்குக் காய்ச்சல் வந்தாலும் அரசாங்கத்துக்குக் காய்ச்சல்.

2021 ஆகஸ்டில் அம்னோ உறுப்பினர்களில் ஒரு பகுதி விலக, முஹிடின் பதவி விலகினார். வந்தவர் இஸ்மாயில் சப்ரி. அவருக்கு 114 பேர். பெயருக்குப் பெரும்பான்மை, மூச்சு விடக்கூட இடமில்லை. அவர் செய்தது, என் கணக்கில், இந்த நாட்டு அரசியலில் நடந்த சில உருப்படியான காரியங்களில் ஒன்று. செப்டம்பர் 13-ஆம் தேதி எதிர்க்கட்சியான பக்காத்தானோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார். பட்ஜெட்டில் பக்காத்தான் கவிழ்க்காது. பதிலுக்கு கட்சித் தாவல் தடைச் சட்டம், 18 வயதில் வாக்குரிமையும் தானாகப் பதிவாவதும், எதிர்க்கட்சி எம்பிக்களுக்கும் சமமான தொகுதி நிதி ஒதுக்கீடு, 2022 ஜூலை 31 வரை நாடாளுமன்றத்தைக் கலைக்கக்கூடாது என்று வரிசையாக எழுதிக் கையெழுத்து. சிறுபான்மை அரசுகள் பல நாடுகளில் இப்படித்தான் காலம் தள்ளுகின்றன: நம்பிக்கை வாக்கெடுப்பிலும் பட்ஜெட்டிலும் மட்டும் கை கொடுப்பது, மற்றதில் அவரவர் வழி.

"பலமான அரசாங்கம் வேணும், அப்பதான் வேலை நடக்கும்" என்று நம் ஆட்கள் சொல்வதுண்டு. மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு பல தேர்தல்களைப் பார்த்த ஊர் இது. தோட்டம் விற்கப்பட்டு லயத்திலிருந்து ஆட்களைக் கிளப்பியபோது அந்தப் பலம் யாருக்குப் பயன்பட்டது என்று யோசித்துப் பார்க்கலாம். எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியே காட்டிய ஒரு பலவீனமான அரசு, வாய்வார்த்தை பேசும் பலமான அரசைவிட மேல் என்பது என் வாதம். இதை ஒப்பாதவர்கள் 2020-லிருந்து 2022-க்குள் மூன்று பிரதமர்களைப் பார்த்த அலுப்பைச் சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. பிரதமர் மாறும் ஒவ்வொரு தடவையும் அமைச்சர் மாறுவார், அதிகாரி மாறுவார், தமிழ்ப்பள்ளிக் கட்டட மனு மறுபடி முதல் மேசையிலிருந்து கிளம்பும்.

<b>யார் எண்ணுவது, எங்கே எண்ணுவது</b>

பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை யார் தீர்மானிப்பது என்பதுதான் உண்மையிலேயே சிக்கலான இடம். இதற்காக நாடே திரும்பிப் பார்த்த சண்டை நம் மாநிலத்தில்தான் நடந்தது.

2009 பிப்ரவரி. நிஜாரின் 31 பேரில் மூவர் தங்கள் கட்சிகளிலிருந்து விலகி, சுயேச்சையாக இருந்துகொண்டே தேசிய முன்னணியை ஆதரிப்பதாகச் சொன்னார்கள். 31-க்கு 28 என்றிருந்தது 28-க்கு 31 ஆனது. சட்டமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் வையுங்கள் என்று நிஜார் மாநில ஆட்சியாளரான சுல்தானிடம் கேட்டார். சுல்தான் அஸ்லான் ஷா இந்நாட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர். சட்டமன்ற உறுப்பினர்களைத் தானே நேரில் பார்த்துப் பேசி, நிஜாருக்குப் பெரும்பான்மை இல்லை என்று முடிவு செய்தார், கலைக்க மறுத்தார். பிப்ரவரி 6-ஆம் தேதி தேசிய முன்னணியின் சம்ரி காடிர் மந்திரி பெசார்.

நிஜார் தரப்பு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டது: மன்றத்தில் வாக்கெடுப்பே நடக்காமல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? மார்ச் 3-ஆம் தேதி ஈப்போவில் சட்டமன்றக் கட்டடத்துக்குள் போக முடியாததால், சபாநாயகர் வி.சிவகுமார் பக்கத்திலிருந்த மரத்தடியிலேயே கூட்டத்தை நடத்தினார். நிஜாருக்கு நம்பிக்கைத் தீர்மானம் அங்கே நிறைவேறியது. மே 7-ஆம் தேதி மன்றம் கூடியபோது, ஒரு பக்கம் தேசிய முன்னணி ம.இ.கா.வின் ஆர்.கணேசனைப் புதிய சபாநாயகர் என்றது. இன்னொரு பக்கம் சிவகுமார் நாற்காலியை விட்டு எழ மறுத்தார். கடைசியில் அவரை இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள். இரண்டு தமிழர்கள் ஒரு நாற்காலிக்கு. அன்றைய தமிழ்ப் பத்திரிகைகள் இங்கே காலையிலேயே தீர்ந்துபோயின.

நீதிமன்றமும் சுற்றியது. மே 11-ஆம் தேதி உயர் நீதிமன்றம் நிஜார்தான் மந்திரி பெசார் என்றது. பதினோரு நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பியது. 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் கடைசி வார்த்தை சொன்னது: நம்பிக்கை போய்விட்டதை மன்ற வாக்கெடுப்பில்தான் காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை, வேறு வழிகளிலும் அறியலாம். 1966-ல் சரவாக்கில் ஸ்டீபன் கலோங் நிங்கான் வழக்கில் வந்த தீர்ப்பு இதற்கு நேர்மாறாக, மன்றத்தில்தான் எண்ண வேண்டும் என்றிருந்தது. இந்தியாவில் 1994-ல் பொம்மை வழக்கின் தீர்ப்பும் பெரும்பான்மையைச் சோதிக்கும் இடம் அவைதான் என்கிறது.

நம் நாட்டில் இப்போது அரண்மனையில் எண்ணலாம். 2020-ல் பிரதமர் மகாதீர் பதவி விலகியதும் மாமன்னர் எம்பிக்களை ஒவ்வொருவராக அழைத்து "யாரை ஆதரிக்கிறீர்கள்?" என்று கேட்டது இந்த வழியில்தான். வேகமான வழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரண்மனைக்குள் யார் என்ன சொன்னார் என்பது வாக்காளருக்குத் தெரியாது. மன்றத்தில் எழுந்து நின்று வாக்களித்தால் பெயரோடு பதிவாகும். அடுத்த தேர்தலில் வீட்டு வாசலுக்கு வரும்போது கேட்கலாம். பேராவிலேயே 2020 டிசம்பரில் மந்திரி பெசார் அகமட் பைசால் அசுமு மன்றத்தில் வந்த நம்பிக்கைத் தீர்மானத்தில் ஆதரவு 10, எதிர்ப்பு 48 என்று தோற்றார். மறுநாளிலிருந்து யாருக்கும் சந்தேகமில்லை, வழக்கும் இல்லை.

2009-ல் மூன்று பேர் செய்ததை இன்று செய்ய முடியுமா? கூட்டரசு அரசியலமைப்பில் 49A பிரிவு சேர்ந்தது 2022 அக்டோபர் 5-ஆம் தேதி. ஒரு கட்சியின் சின்னத்தில் வென்ற எம்பி அந்தக் கட்சியிலிருந்து விலகினால் சீட்டு காலி, இடைத்தேர்தல். சுயேச்சையாக வென்றவர் ஒரு கட்சியில் சேர்ந்தாலும் அதே கதி. ஆனால் ஓட்டைகளும் உண்டு. கட்சி அவரை நீக்கினால் சீட்டு போகாது. ஒரு முழுக் கட்சியே கூட்டணி மாறினால் சட்டம் கேட்காது. 2020-ல் முஹிடினின் பெர்சாத்து கட்சி பக்காத்தானை விட்டுப் போனதைப் போல நாளைக்கு இன்னொரு கட்சி போகலாம்.

மூன்றாவது ஓட்டையைக் காட்டியவர் நம் பக்கத்துத் தொகுதிக்காரர். 2023 அக்டோபரில் குவாலா கங்சார் எம்பி, பெர்சாத்து உறுப்பினராக இருந்துகொண்டே, அன்வாரை ஆதரிக்கிறேன் என்று அறிவித்தார். கட்சியை விட்டு விலகவில்லை. ஓட்டு மட்டும் அந்தப் பக்கம். அவரைப் பின்பற்றி மொத்தம் ஆறு பேர். தொகுதிக்கு நிதி ஒதுக்கீடு வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணம். பெர்சாத்து தன் சட்டவிதியைத் திருத்தி, இவர்கள் உறுப்பினர் தகுதியைத் தாமாகவே இழந்துவிட்டார்கள், சீட்டு காலி என்று எழுதிக்கொடுத்தது. 2024 ஜூலையில் மக்களவைச் சபாநாயகர் ஜொஹாரி அப்துல் அந்த ஆறு இடங்களும் காலியாகவில்லை என்று தீர்ப்பளித்தார்.